போத்தலில் இருந்து வரும் வாழைக்கன்று: வன்னித் தோட்டக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விசுவமடு, தர்மபுரம், வட்டக்கச்சி, ஒட்டுசுட்டான், செட்டிகுளம் என்று வன்னியில் வாழை வைக்கிற இடமெல்லாம் இழைய வளர்ப்புக் கன்று பற்றிப் பேச்சு அடிபடுகிறது. பேச்சோடு சேர்ந்து சில பிழையான நம்பிக்கைகளும் பரவுகின்றன. "லாப் கன்று, அதுக்கு நோயே வராது" என்பது அவற்றில் மிகவும் ஆபத்தானது. அதை நம்பிக் கடன்பட்டு நடுகிறவர்கள் நொந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தோட்டக்காரர் கேட்பவையும், உயர்தரத்தில் உயிரியலும் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலும் படிக்கும் பிள்ளைகள் கேட்பவையும் இதில் கலந்திருக்கின்றன.

இழைய வளர்ப்பு என்றால் என்ன?

தாவரத்தின் சிறு துண்டொன்றை வெட்டி, அதிலுள்ள கிருமிகளை நீக்கி, உணவும் ஓமோனும் கலந்த ஊடகத்தில் போத்தலுக்குள் வைத்து முழுத் தாவரமாக வளர்த்தெடுப்பது. தாவரக் கலம் ஒவ்வொன்றுக்கும் முழுத் தாவரத்தையும் உருவாக்கும் வல்லமை உண்டு என்ற எண்ணத்தை ஒஸ்திரியத் தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் 1902-இல் முன்வைத்தார். அவருடைய காலத்தில் அதைச் செய்துகாட்ட முடியவில்லை. 1958-இல் ஸ்ரூவட் என்பவர் கரட் கலங்களில் இருந்து தாவரத்தை வளர்த்துக் காட்டினார். 1962-இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் முராசிகேயும் ஸ்கூக்கும் புகையிலை இழையத்தை வேகமாக வளர்ப்பதற்கென்று ஓர் ஊடகத்தைத் தயாரித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் வாழைக்கும் அந்தக் கலவைதான் அடிப்படை. புகையிலைக்காகச் செய்த வேலை வாழைக்குக் கைகொடுத்திருக்கிறது.

வாழையில் தனிக் கலத்தில் இருந்து தொடங்குவது வழக்கமில்லை. குட்டியின் கிழங்குக்கு மேலே, தடல்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் வளர்நுனியைத்தான் எடுப்பார்கள். அந்தப் பிரியிழையத்தைச் சுற்றிப் பல அரும்புகளை எழுப்பி, அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்குவார்கள்.

வளவிலே குட்டி சும்மா கிடைக்கும்போது எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

நோயில்லாத தாய்வாழை உங்களிடம் இருந்து, ஒடுங்கிய இலையுள்ள வலுவான குட்டியைப் பார்த்துக் கிண்டியெடுக்கவும் தெரிந்தால், வீட்டுத் தேவைக்கும் சிறு தோட்டத்துக்கும் அதுவே போதும். பத்துப் பதினைந்து மரம் வைக்க யாரும் போத்தல் கன்று தேடி அலைய வேண்டியதில்லை.

சிக்கல் வருவது ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று வைக்கும்போது. அவ்வளவு குட்டியை ஒரே தோட்டத்தில் எடுக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் கொஞ்சம், வவுனியாவில் கொஞ்சம், பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் என்று லொறியில் ஏற்றி வருவார்கள். குட்டியோடு சேர்ந்து மூன்று எதிரிகள் ஏறி வருகின்றன. கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு, வேரைத் தின்னும் நுண்புழுவான நெமற்றோடு, கண்ணுக்கே தெரியாத முடிக்கொத்து வைரசு. இடம்பெயர்வுக்குப் பிறகு மீளக் குடியேறியவர்கள் வெறுந்தரையில் இருந்து தொடங்கினார்கள். கிடைத்த குட்டியை நட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நடுகைப்பொருள் ஊர்விட்டு ஊர் போகும் பாதையில்தான் நோயும் போகிறது என்பதை இனியாவது கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு காரணம், கன்றுகள் ஒரே வயது, ஒரே உயரம். அதனால் குலை தள்ளுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடக்கும். குட்டித் தோட்டத்தில் ஒரு மரம் குலை போட, பக்கத்து மரம் அப்போதுதான் இலை விரித்துக்கொண்டிருக்கும். ஒரு லொறி நிறைய ஒரே தரத்தில் பழம் கேட்கும் வியாபாரியோடு பேரம் பேச, ஒன்றாக வரும் அறுவடை பெரிய பலம். ஊர்ச் சந்தையில் கிழமைக்கு இரண்டு குலை விற்றுச் சீவிப்பவருக்கோ அதுவே பாதகம். எல்லாம் ஒன்றாகப் பழுத்தால் அவர் என்ன செய்வார்? உங்கள் சந்தை எது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்தக் கன்றுக்கு நோய் வராதா?

வரும். இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது.

சரியாகச் செய்த போத்தல் கன்றில் வண்டு இல்லை, நெமற்றோடு இல்லை, மண்ணில் வாழும் பங்கசு இல்லை. நடும் நாளில் அது சுத்தமானது. அந்தச் சுத்தம் உங்கள் மண்ணைத் தொடும்வரைதான். பனாமா வாடல் நோயின் பங்கசு உங்கள் நிலத்தில் ஏற்கெனவே இருந்தால், அது இந்தக் கன்றையும் பிடிக்கும். அந்தப் பங்கசு வாழை இல்லாத நிலத்திலும் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியது. மருந்தடித்துத் தீர்க்க முடியாது. ஒரு தோட்டத்தில் வாழை மஞ்சளாகி, தண்டு பிளந்து, உள்ளே செம்பழுப்பு நரம்போடு செத்திருந்தால், அங்கே அதே இனத்தின் போத்தல் கன்றைக் கொண்டுபோய் நடுவது காசைக் குழிக்குள் போடுவதாகும்.

வைரசின் கதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியது. குளோரினிலும் அற்ககோலிலும் கழுவுவது மேற்பரப்பில் உள்ள பங்கசையும் பற்றீரியாவையும் கொல்லும். கலத்துக்குள்ளே இருக்கும் வைரசை அது தொடாது. மிகச் சிறிய பிரியிழையத்தை மட்டும் வெட்டியெடுத்தால் சில வேளை வைரசு விடுபடும், ஆனால் உறுதியில்லை. முடிக்கொத்து உள்ள தாயில் இருந்து எடுத்தால் ஆயிரம் கன்றும் முடிக்கொத்தோடு வெளிவரலாம். அப்போது ஆய்வுகூடமே நோய் பரப்பும் இடமாகிவிடும். அதனால்தான் தாய்மரத்தை முதலில் எலைசா முறையிலோ, கொரோனாக் காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட பீசீஆர் முறையிலோ சோதிக்க வேண்டும் என்கிறோம். சோதித்த தாய் என்ற ஒரு வரி இல்லாவிட்டால், போத்தல் கன்றுக்கும் சந்தைக் குட்டிக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் பாதிக்குப் பொருளில்லை.

வாழைக் கீற்று வைரசு என்று இன்னொன்று இருக்கிறது. சில வாழை இனங்களில் அது பரம்பரை அலகுகளுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கும். போத்தலுக்குள் படும் நெருக்கடியில் அது சில வேளை விழித்துக்கொள்ளும். எல்லா இனத்திலும் இப்படி நடப்பதில்லை என்றாலும், இலையில் மஞ்சள் கீற்றுகள் தெரிந்த கன்றை நாற்றுமேடையிலேயே கழித்துவிட வேண்டும்.

முடிக்கொத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டிய பகுதியிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் சிறு கோடுகளும் தந்திக் குறியீடு போல வரிசையாகத் தெரியும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அடிப்பக்கத்தில் பாருங்கள். பிறகு வரும் இலைகள் குட்டையாக, ஒடுங்கி, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கி நெருங்கி நிற்கும். அந்தக் கட்டத்தில் யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆனால் அதற்குள் நோய் பக்கத்து மரங்களுக்குப் போயிருக்கும்.

இதைப் பரப்புவது வாழை அசுவுணி என்ற சின்னப் பூச்சி. குருத்து இடுக்கிலும், தடலின் அடியிலும், மண் மட்டத்திலும் கூட்டமாக இருக்கும். எறும்பு ஊருகிற இடத்தில் தேடினால் கிடைக்கும். வைரசு வாழைக்குள் போய் அறிகுறி தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். அந்த ஒரு மாதத்துக்குள் கிண்டிய குட்டி, விற்பவர் கண்ணுக்கும் வாங்குபவர் கண்ணுக்கும் நல்ல குட்டிதான். யாரும் யாரையும் ஏமாற்றாமலே நோய் கைமாறுகிறது. இந்த நோய் 1913 அளவில் இலங்கைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் இங்கேயே நிற்பதற்கு இந்த ஒரு மாத இடைவெளி பெரிய காரணம்.

ஆய்வுகூடத்துக்குள் என்ன நடக்கிறது?

நல்ல குலை போட்ட, சோதித்த தாய்மரத்தின் குட்டியைக் கிண்டி, மண்ணையும் வேரையும் நீக்கிக் கழுவுவார்கள். தடல்களை ஒவ்வொன்றாக உரித்து, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவான கட்டியாகக் குறைப்பார்கள். அதை 70 வீத அற்ககோலில் சிறிது நேரம் அமிழ்த்தி, பிறகு சோடியம் ஐப்போகுளோரைற்றில், அதாவது வெளிற்றும் திரவத்தில், வைத்துப் பலமுறை கிருமியற்ற நீரால் கழுவுவார்கள். இதற்குப் பிறகான வெட்டு வேலை எல்லாம் வடிகட்டிய காற்று வீசும் பெட்டியின் முன்னால், சுவாலையில் சூடுகாட்டிய கத்தியால் நடக்கும்.

ஊடகம் என்பது கனியுப்புகள், விற்றமின்கள், லீற்றருக்கு 30 கிராம் சீனி, இறுகச்செய்ய 6 முதல் 8 கிராம் ஏகார். பீஎச் 5.7 அல்லது 5.8-க்குச் சரிசெய்து, 121 பாகை செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் அமுக்க ஆவியில் அவிப்பார்கள். அரும்பு பெருக வேண்டிய கட்டத்தில் சைற்றோகைனின் ஓமோன் கூடுதலாகச் சேர்ப்பார்கள். வாழைக்கு வழக்கமாகப் பயன்படுவது பென்சைல் அடினைன். வேர் விட வேண்டிய கட்டத்தில் அதைக் குறைத்து, ஒட்சின் சேர்ப்பார்கள். இந்த இரண்டு ஓமோன்களின் விகிதம்தான் தண்டா வேரா என்பதைத் தீர்மானிக்கிறது. இதையும் ஸ்கூக்கின் ஆய்வுகூடமே 1957-இல் புகையிலையில் காட்டியது. உயர்தர வினாத்தாளுக்கு இது உதவும்.

போத்தல்கள் 25 பாகை அளவில், நாளுக்கு 16 மணித்தியாலம் வெளிச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தரம் கொத்தைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றுவார்கள்.

துண்டு கறுத்துப்போகிறது, சில போத்தலில் வெள்ளைப் பஞ்சு பிடிக்கிறது. ஏன்?

இரண்டும் வெவ்வேறு. வாழையை வெட்டினால் கையும் சட்டையும் கறைபடுவது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கறைக்குக் காரணமான பீனோல் சேர்வைகள்தான் வெட்டிய துண்டைச் சுற்றி ஊடகத்தைக் கறுப்பாக்கி இழையத்தைக் கொல்கின்றன. அஸ்கோபிக் அமிலத்தில், அதாவது விற்றமின் சீ கரைசலில், துண்டை வைத்திருப்பதும், முதல் நாட்களில் இருட்டில் வைப்பதும், சீக்கிரம் புது ஊடகத்துக்கு மாற்றுவதும் உதவும்.

வெள்ளைப் பஞ்சு பங்கசு. துண்டைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் பற்றீரியா. பங்கசு பிடித்த போத்தலை உள்ளறையில் திறக்கவே கூடாது. மூடியபடியே அவித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். திறந்து மணந்து பார்க்கும் ஆசையால் ஒரு அறை முழுதும் வித்திகள் பறந்துவிடும்.

ஒரு குட்டியில் இருந்து எத்தனை கன்று எடுக்கலாம்?

கொத்தைப் பிரித்து மாற்றும் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று மடங்காகப் பெருகுகிறது என்று வைத்தால், எட்டுச் சுற்றில் 6,561. கணக்கு இனிக்கிறது, ஆனால் அங்கேதான் பொறி. சுற்றுகள் கூடக்கூட, கலங்களில் மாற்றம் ஏற்பட்டுத் தாயைப் போலில்லாத கன்றுகள் வரத் தொடங்கும். குள்ளன், இலை தடித்து நெருங்கியது, மஞ்சளும் பச்சையும் கலந்த இலை, குலை சரியாக விரியாதது என்று பல வடிவம். ஆகையால் பொறுப்பான ஆய்வுகூடம் ஏழெட்டுச் சுற்றோடு நிறுத்திவிட்டு, புதிய தாயில் இருந்து மீண்டும் தொடங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் கன்று எந்தச் சுற்றில் பிறந்தது என்பதைக் கன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. விற்பவரின் பதிவேடு சொல்ல வேண்டும்.

நாற்றுமேடையில் ஒவ்வொரு பையாகப் பார்த்து, காம்பு குட்டையாகி இலைகள் நெருங்கிய கன்றுகளைக் கழிப்பது மிகப் பெறுமதியான வேலை. அந்தக் கழிவுக்கு மனம் வராத நாற்றுமேடைக்காரர், தன் நட்டத்தை ஓராண்டு கழித்து உங்கள் தோட்டத்துக்கு மாற்றிவிடுகிறார்.

இது மரபணு மாற்றிய வாழையா?

இல்லை. வெளியில் இருந்து எந்தப் பரம்பரை அலகும் புகுத்தப்படுவதில்லை. குட்டி வைப்பதும் தாயின் நகலைத்தான் தருகிறது. போத்தல் அதை வேகமாகச் செய்கிறது.

போத்தலில் இருந்து எடுத்த கன்றை நேரே நடலாமா?

முடியாது. வன்னியில் இந்தத் தொழில் வெல்வதும் தோற்பதும் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

போத்தலுக்குள் காற்று ஈரத்தால் நிறைந்தது. இலையின் மேல் மெழுகுப் பூச்சு மிக மெல்லியது. இலைவாய்கள் மூடப் பழகியிருக்காது. உணவோ ஊடகத்துச் சீனியில் இருந்து வந்தது. சூரிய ஒளியில் தானே தயாரித்து உண்ணும் பழக்கம் குறைவு. இப்படிப்பட்ட கன்றைக் கிளிநொச்சியின் ஆடிமாத வெயிலில் வைத்தால், பகல் பன்னிரண்டு மணிக்குள் சுருண்டுவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெயிலைவிடக் காற்றுதான் கொல்கிறது. நிழல்வலை போட்டும் கன்று சாகிறதே என்று கேட்பவர்களின் நாற்றுமேடைக்குத் தென்மேற்குப் பக்கம் தடுப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பனையோலை வேலி அடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

முறை இதுதான். போத்தலில் இருந்து மெதுவாக எடுத்து, வேரில் ஒட்டிய ஏகார் முழுதும் போகக் கழுவுங்கள். சீனி கலந்த ஏகார் கொஞ்சம் மிஞ்சினாலும் பங்கசு தேடி வரும். பங்கசுகொல்லியில் நனைத்து, தட்டுகளில் தும்புச்சோறும் மணலும் கலந்த கலவையில் நடுங்கள். தும்புச்சோற்றை முன்கூட்டியே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் ஊறவைத்து அலச வேண்டும். அதிலுள்ள உப்பு இளம் வேரைக் கருக்கும். தட்டுகளைப் பொலித்தீன் கூடாரத்துக்குள் வைத்து, முதலில் 80 முதல் 90 வீத ஈரப்பதன் இருக்கும்படி பாருங்கள். பிறகு மூன்று நான்கு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடாரத்தைத் திறந்துவிட வேண்டும். இந்தத் திறப்பில் அவசரப்பட்டால் கன்று வாடும்; பயந்து திறக்காமலே விட்டால் அடி அழுகும்.

அடுத்து மண்ணும் மக்கிய மாட்டெருவும் நிரப்பிய பைகளில், பாதி வெளிச்சம் விடும் நிழல்வலையின் கீழ் ஆறு முதல் எட்டுக் கிழமை. கடைசிக் கிழமையில் வெயிலைக் கூட்டிக் கொடுங்கள். ஒரு அடி உயரமும் ஐந்தாறு நல்ல இலையும் வந்த கன்றே நடத் தகுந்தது.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னியின் பல கிணறுகளில் சுண்ணாம்பு கூடிய வன்நீர்தான் வருகிறது. அதைத் தூவல் குழாயில் விட்டால் துளைகள் அடைபடும், இலையில் வெள்ளைப் படை படியும், மெல்லிய இலை மூச்சுவிடத் தவிக்கும். மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்துவைத்து நாற்றுமேடைக்குப் பயன்படுத்துவது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

எந்த மாதத்தில் நடுவது?

ஐப்பசி மழை மண்ணை நனைத்த பிறகு. அதற்குப் பின்னோக்கிக் கணக்கிட்டால், போத்தல் கன்று நாற்றுமேடைக்கு ஆடியில் வந்திருக்க வேண்டும். அதாவது கோடையின் கொடூரத்தில் பழக்க வேண்டும். மேலே காற்றுத்தடுப்புப் பற்றி அழுத்திச் சொன்னது இதனால்தான். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் தேங்கும் தாழ்நிலமாக இருந்தால் காத்திருந்து தை பிறந்ததும் நடுங்கள், ஆனால் இறைப்பு வசதி உறுதியாக இருக்க வேண்டும். வாழை வேர் தேங்கிய நீரில் சில நாள்கூடத் தாங்காது. வயலுக்குப் பக்கத்துக் களிமண்ணில் வைப்பவர்கள் வடிகாலை முதலில் வெட்டிவிட்டுத்தான் குழி கிண்ட வேண்டும்.

நட்ட முதல் இரண்டு கிழமைக்குத் தென்மேற்கு வெயில் படாமல் ஓலை குத்திவிடுங்கள். கட்டாக்காலி மாட்டுக்கு இந்த இளங்குருத்து தேன். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானைக்கும் அப்படித்தான். வேலி அடைக்காத நிலத்துக்குக் கன்று ஓடர் பண்ணாதீர்கள்.

எங்கள் கதலி, இதரை, கப்பல், மொந்தன் எல்லாம் இப்படிக் கிடைக்குமா?

செய்ய முடியும், கிடைப்பது வேறு கேள்வி. ஆய்வுகூடங்கள் விற்பனை அதிகமுள்ள இனத்தையே பெருக்கும். உலகச் சந்தையில் அது கவென்டிஷ் குழு. கவென்டிஷ் பனாமா வாடலின் பழைய வகையைத் தாங்கும் என்பதால்தான் 1950-களிலும் 60-களிலும் குரோ மிஷெல் வாழையின் இடத்தைப் பிடித்தது. இப்போது வெப்பவலய நான்காம் வகை என்ற புதிய வாடல் கவென்டிஷையே தாக்குகிறது. ஓர் இனத்தை மட்டும் நம்பி உலகம் இரண்டாம் தரம் அடிவாங்குகிறது.

இதனால் நம் வளவுகளில் நிற்கும் பழைய இனங்கள் மீது எனக்குப் பெரிய அக்கறை. போரில் எத்தனையோ கிராமத்து வளவுகள் காடாகின. அங்கே நின்ற வாழையின் பெயரைச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாழை இல்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1985-இல் தொடங்கிய சர்வதேச வாழைச் சேமிப்பகம், 1,500-க்கு மேற்பட்ட வாழை மாதிரிகளைக் கண்ணாடிக் குழாய்களுக்குள் 16 பாகையில் மெதுவாக வளரவிட்டுக் காத்து வருகிறது. அந்த அளவுக்கு நாம் போகத் தேவையில்லை. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வன்னி வளவுகளின் வாழைகளைச் சேகரித்து, சோதித்து, போத்தலில் காப்பது செய்யக்கூடிய வேலை. இதைச் செய்யும் மாணவருக்கு ஊரே கடன்பட்டிருக்கும்.

கன்று வாங்கும்போது என்ன கேட்பது?

தாய்மரம் எங்கே நிற்கிறது, எந்த வைரசுகளுக்குச் சோதித்தார்கள், சோதனைத் தாளைக் காட்ட முடியுமா, எத்தனையாவது சுற்று, பைக்கு மாற்றி எத்தனை கிழமை. பதில் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு பையைக் கிழித்து வேரைப் பாருங்கள்: வெள்ளையாகப் பரவியிருக்க வேண்டும். அதிகமாக வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்துக்கொண்டு நாற்றுமேடைக்குப் போங்கள். அவரும் வரத்தான் ஆசைப்படுவார்.

வீட்டிலே, பள்ளிக்கூடத்திலே செய்து பார்க்கலாமா?

படிப்பதற்குத் தாராளமாக. நல்ல அமுக்கச் சமையற் பாத்திரம் அவிப்பானின் வேலையைச் செய்யும். கண்ணாடிப் பெட்டி ஒன்றில் கை நுழைய இரண்டு துளை வைத்தால் காற்றடங்கிய வேலையிடம் கிடைக்கும். மூடிய பெட்டிக்குள் அற்ககோல் ஆவி தேங்கியிருக்கும்போது சுவாலை கொளுத்தவே கூடாது. ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். வாழையோடு தொடங்காதீர்கள், குட்டியின் தடல் இடுக்குகளில் கிருமி அதிகம். கரட்டில் பழகுங்கள்.

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஓர் ஆய்வுகூடம் போட்டால் இலாபமா?

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அடிக்கடி கேட்பது இது. காசு இருக்கிறது, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற மனமும் இருக்கிறது. என் கருத்து: முதலில் ஆய்வுகூடம் வேண்டாம்.

வளர்ப்பறை இரவும் பகலும் 25 பாகையில் நிற்க வேண்டும். வெளியே 35 பாகை. குளிரூட்டி நிற்காமல் ஓட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு 13 மணித்தியால மின்வெட்டுவரை போனது. அப்படியொரு நாளில் பல மாத உழைப்பு போத்தலுக்குள்ளேயே வெந்துவிடும். பின்னிணைப்பு மின்பிறப்பாக்கி, அயன் நீக்கிய நீர், வைரசுச் சோதனைக்கான ஏற்பாடு, கைநடுங்காமல் நாள் முழுக்க வெட்டும் பயிற்சிபெற்றவர்கள், இவ்வளவும் ஆண்டு முழுதும் தொடரும் செலவு. கன்றுக்குத் தேவையோ மழைக்கு முந்திய சில மாதங்களில் மட்டும்.

நாற்றுமேடைக்கு இந்தத் தொல்லை குறைவு. நம்பகமான ஆய்வுகூடத்தில் இருந்து வேர்விட்ட சிறு கன்றுகளைக் கொண்டுவந்து, இங்கேயே பழக்கி, இங்கத்தைய வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்றபடி விற்பதற்கு வன்னியில் நல்ல இடம் இருக்கிறது. கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் இங்கே ஏற்கெனவே நாற்றுமேடை வேலையில் கைதேர்ந்தவர்கள். அவர்களின் கூட்டுறவுக்கு நிழல்வலையும் தாங்கியும் தூவல் குழாயும் போட்டுக்கொடுப்பது, பூட்டிக் கிடக்கப்போகும் குளிரூட்டிய கட்டடத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தென்னை, பனையை இப்படிப் பெருக்க முடியுமா?

தென்னை மிகவும் அடம்பிடித்த பயிர். பல பத்தாண்டு முயற்சிக்குப் பிறகு, அதே லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வளர்நுனியில் இருந்து பல அரும்புகளை எழுப்பும் வழியை வெளியிட்டார்கள். பனை இன்னும் கடினம்: பக்கக்கன்று இல்லை, வளர்ச்சி மெதுவானது. இன்றைக்குப் பனைக்கு வித்துத்தான் வழி. உருளைக்கிழங்கு, அன்னாசி, ஓர்க்கிட், அந்தூரியம் ஆகியவை இலகுவானவை.

கஞ்சாவையும் இப்படி வளர்க்கிறார்களாமே?

கனடா போன்ற, சட்டம் அனுமதித்த நாடுகளில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் செய்கின்றன. கனடாவில் 2018 ஒக்டோபரில் சட்டபூர்வமானது. கஞ்சாவில் ஆண் பெண் வேறு வேறு செடி. அவர்களுக்குப் பெண் செடியின் நகல்தான் தேவை. பெரும்பாலும் தண்டு வெட்டி வேர்விடச் செய்கிறார்கள். இழைய வளர்ப்பை முக்கியமாக நாடுவது தாய்ச்செடிகளைச் சிறு இடத்தில் சேமிக்கவும், ஹொப் மறைநிலை வைரொயிட் என்ற நோய்க்காரணியை அகற்றவும். அந்த வைரொயிட் விளைச்சலை வெகுவாகக் குறைத்து அவர்களைப் படாதபாடு படுத்துகிறது. போத்தலுக்குள் கஞ்சா இலகுவில் பெருகாது; இலை நீர்கோத்துக் கண்ணாடித்தன்மை அடைந்து நலிந்துவிடும். வாழையில் வெற்றிபெற்ற முராசிகே-ஸ்கூக் ஊடகமே அதற்குச் சரிவரவில்லை என்று வேறு கலவைகளைத் தேடுகிறார்கள்.

இங்கே உரிமமின்றி அதைப் பயிரிடுவது 1929-ஆம் ஆண்டிலிருந்து வரும் அபாயகர ஔடதங்கள் சட்டத்தின்கீழ் குற்றம். கடல்வழியாக வரும் கஞ்சாவால் நம் கரையோரக் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு, இதை வன்னிக்கு வருமானவழி என்று யாராவது பிள்ளைகளிடம் சொன்னால், அவர்களை நம்ப வேண்டாம். தாயைச் சோதி, நகலைப் பெருக்கு என்ற தத்துவம் வாழையிலும் அதேதான். கற்பதை வாழையில் கற்கலாம்.

தோட்டத்தில் ஒரு மரத்தில் முடிக்கொத்துக் கண்டுவிட்டேன். இனி என்ன செய்வது?

அன்றைக்கே செயற்படுங்கள். முதலில் வெட்டாதீர்கள்: மரத்தை அசைத்தால் அசுவுணி பக்கத்து மரத்துக்குப் போகும். குருத்திலும் தடல் இடுக்கிலும் அடிமண் ஓரத்திலும் படும்படி, போதனாசிரியர் சொல்லும் பூச்சிகொல்லியை அடித்து அசுவுணியைக் கொல்லுங்கள். பிறகு மரத்தையும் அதோடு ஒட்டிய எல்லாக் குட்டிகளையும் கிழங்கோடு கிண்டியெடுத்து, மீண்டும் முளைக்காதபடி துண்டுதுண்டாக வெட்டிப் புதையுங்கள். நல்லாய்த்தானே நிற்கிறது என்று ஒரு குட்டியைக்கூட விடாதீர்கள். கிழங்கு ஒன்றென்றால் நோயும் ஒன்றுதான். சுற்றியுள்ள மரங்களைக் கிழமைக்கு ஒருதரமாவது காம்பு காம்பாகப் பாருங்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அவருடைய மரத்தில் இருந்து அடுத்த மாதம் உங்களிடமே திரும்பி வரும். அந்த நிலத்தில் இருந்து யாருக்கும் குட்டி கொடுக்காதீர்கள், சொந்த அக்கா கேட்டாலும்.